பள்ளிவாசலுக்குக் கீழே கடைத்தெரு: துருக்கிக்குப் போகிறவர்களுக்கு வக்பு பற்றி

இஸ்தான்புல்லுக்குப் போகிறவர்கள் முதலில் போய் நிற்பது ஹாகியா சோபியா வரிசையில்தான். 2024 ஜனவரியிலிருந்து அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி வாசல். 25 யூரோ கட்டினால் மேல்மாடத்துக்குப் போகலாம். கீழ்த்தளம் தொழ வருகிறவர்களுக்கு. அருங்காட்சியகமாக இருந்ததை மறுபடி பள்ளிவாசலாக்கிவிட்டார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் எந்தச் சட்டத்தை வைத்து மாற்றினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டால், அந்த நாட்டில் நாம் பார்க்கப்போகிற பாதி இடங்கள் விளங்கிவிடும்.

2020 ஜூலையில் துருக்கியின் உயர் நிர்வாக நீதிமன்றமான தானிஷ்தாய், ஹாகியா சோபியாவை அருங்காட்சியகமாக்கிய 1934-ஆம் ஆண்டின் அமைச்சரவை முடிவை ரத்து செய்தது. 1453-ல் நகரைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத் இந்தக் கட்டடத்தைத் தன் வக்பின், அதாவது நிரந்தர அறக்கொடையின், சொத்தாக்கி, பள்ளிவாசல் என்று பத்திரத்தில் எழுதிவைத்தார். பத்திரத்தில் சொன்ன பயன்பாட்டை மாற்ற அரசுக்கு உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்புக்குப் பின்னால் அரசியல் இருந்தது. யுனெஸ்கோ வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தது. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். 15-ஆம் நூற்றாண்டில் ஒரு சுல்தான் எழுதிவைத்த பத்திரம், 21-ஆம் நூற்றாண்டில் ஒரு பயணி எந்த வாசல் வழியாக உள்ளே போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. துருக்கியைப் புரிந்துகொள்ள நான் பிடித்துக்கொள்ளச் சொல்வது அந்தப் பத்திரத்தைத்தான்.

வக்பு என்றதும் நம் செய்தித்தாள் வாசகர்களுக்கு வாரியமும் நில வழக்கும் நினைவுக்கு வரும். உஸ்மானிய (ஒட்டோமான்) பேரரசில் அது நகரத்தைக் கட்டி எழுப்பிய முறை. ஒருவர் தன் சொத்தை, அது கடையோ தோட்டமோ குளியல்கூடமோ எதுவானாலும், நிரந்தரமாக ஒரு நற்காரியத்துக்கு எழுதிவைக்கிறார். காஜியின் முன்னிலையில் பத்திரம் பதிவாகிறது. அதன்பின் அந்தச் சொத்தை விற்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, வாரிசுகள் பங்கு போட முடியாது. வருமானம் எந்தச் செலவுக்கு, எத்தனை பேருக்கு என்ன சம்பளம், சமையல்கட்டில் எந்த நாளில் என்ன உணவு, விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பதெல்லாம் அதில் இருக்கும். நிர்வாகம் முத்தவல்லி கையில். பத்திரத்தின் கடைசியில், இதை மாற்றுகிறவன் மீது இறைவனின் சாபமும் வானவர்களின் சாபமும் மனிதர் அனைவரின் சாபமும் இறங்கட்டும் என்று எழுதுவார்கள். நம் கோயில் கல்வெட்டுகளின் முடிவில், இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று வருமே, அதே குரல்.

இந்த ஏற்பாட்டைக் கண்ணால் பார்க்க இஸ்தான்புல்லில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், எமினோனு படகுத்துறையை அடுத்த ருஸ்தம் பாஷா பள்ளிவாசலைச் சொல்வேன். சுல்தான் சுலைமானின் மருமகனும் பிரதம வசீரும், அதாவது தலைமை அமைச்சருமான, ருஸ்தம் பாஷாவுக்காகக் கட்டடக்கலைஞர் சினான் 1560-களின் தொடக்கத்தில் கட்டியது. பெரிய பள்ளிவாசல்களைப்போல இது தூரத்திலிருந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது. கடைத்தெருவின் நெரிசலில், சணல் கயிறும் மரக்கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் தொங்கும் கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அதில் புகுந்து இருட்டான குறுகிய படிக்கட்டில் ஏறினால் திடீரென்று வெளிச்சமான ஒரு முற்றம். கீழே விட்டுவந்த கடைகளின் கூரைமேல்தான் நிற்கிறோம்! பள்ளிவாசல் முழுவதும் கமானிட்ட கடைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கடைகளின் வாடகை மேலே உள்ள பள்ளிவாசலின் பராமரிப்புக்கு. கணக்கு அங்கே கல்லாகவே அடுக்கப்பட்டிருக்கிறது, அடியில் வரவு, மேலே செலவு.

உள்ளே சுவர், தூண், தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம் எங்கும் இஸ்னிக் ஊரின் ஓடுகள். வெள்ளைப் பின்னணியில் நீலமும் பச்சையும் பரவ, நடுநடுவே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பைக் கையால் தொட்டால் தெரியும் அளவுக்குப் புடைப்பாக இருக்கும், தொடவேண்டாம். இஸ்னிக் குயவர்கள் அந்த நிறத்தை நன்றாகக் கொண்டுவந்த காலம் மிகக் குறுகியது; 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு அந்தத் தரம் மங்கத் தொடங்கிவிட்டது. நீலப் பள்ளிவாசலில் ஓடுகள் எண்ணிக்கையில் அதிகம், இருபதாயிரத்துக்கும் மேல். ஆனால் அவற்றில் நல்லவை பல கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. ருஸ்தம் பாஷாவில் முகத்துக்கு நேராகவே பார்க்கலாம்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் சுலைமானியே. 1550-ல் தொடங்கி 1557-ல் முடித்தது, இதுவும் சினானின் வேலை. பெரும்பாலான பயணிகள் பள்ளிவாசலை மட்டும் பார்த்துவிட்டு, பின்புறத் தோட்டத்திலிருந்து கோல்டன் ஹார்ன் நீர்நிலையைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பள்ளிவாசல் அந்த வளாகத்தின் ஒரு பகுதி மட்டுமே. சுற்றிலும் நான்கு மதரஸாக்கள், ஹதீஸ் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை, சிறுவர் பள்ளி, பயணிகள் விடுதி, ஹமாம் என்னும் குளியல்கூடம், ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் சமைத்துப்போட்ட இமாரெத் என்னும் அன்னசாலை எல்லாம் இருக்கின்றன. மொத்தத்துக்கும் சேர்த்துக் குல்லியே என்று பெயர். இதை நடத்திய பணத்தின் பெரும்பகுதி பால்கன் பக்கத்துக் கிராமங்களின் வரி வருவாயிலிருந்து வந்தது. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, கூடவே ரொட்டி. வெள்ளிக்கிழமையும் பெருநாளும் வந்தால் ஆட்டிறைச்சி போட்ட சோறும், குங்குமப்பூ கலந்து மஞ்சளாக இருக்கும் செர்தே என்ற இனிப்புச் சோறும். யார் முதலில் சாப்பிடவேண்டும், யாருக்கு எத்தனை அகப்பை என்ற வரிசையும் இருந்தது. அதில் விருந்தினரும் ஊழியரும் மாணவரும் முதலில், ஏழைகள் கடைசியில். அறம் செய்த இடத்திலும் படிநிலை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பள்ளிவாசலுக்கு எதிரே மதரஸாக்களின் அடித்தளத்தில் ஒரு வரிசைக் கடைகள். அங்கே இன்று அவரைப் பயறு உணவகங்கள் நடக்கின்றன. குரு ஃபசூல்யே என்பது வெள்ளை மொச்சைபோன்ற பயறை வெண்ணெயிலும் தக்காளியிலும் நெடுநேரம் வேகவைத்த குழம்பு. பக்கத்தில் வெண்ணெய் மணக்கும் பிலாவ், ஒரு கிண்ணம் ஊறுகாய், ஒரு குவளை அய்ரான் மோர். துருக்கியர்கள் வீட்டுச் சாப்பாடு என்று உருகுவது இதைத்தான். கபாபைத் தேடி அலைகிறவர்கள் ஒரு வேளையாவது இங்கே உட்காரவேண்டும்.

சந்தைகளும் இதே கதைதான். இரண்டாம் மெஹ்மத் 1455 வாக்கில் கட்டத் தொடங்கிய கிராண்ட் பஜார் இன்று சுமார் 4,000 கடைகளோடு ஒரு சிறு நகரமாகவே இருக்கிறது. அதன் வாடகை ஹாகியா சோபியா வக்புக்குச் சேரும்படி ஏற்பாடு. மசாலாச் சந்தை 1660-களில் பக்கத்திலிருக்கும் புதிய பள்ளிவாசலின் செலவுக்காக எழுந்தது. அதைக் கட்டி முடித்தவர் சுல்தானின் தாய் துர்ஹான். பூர்சா நகரின் கோசா ஹான் என்னும் பட்டுக்கூடு வணிகர் சத்திரத்தை இரண்டாம் பயஜித் 1491-ல் கட்டினார். அதன் வருமானம் பூர்சாவுக்கு அல்ல, இஸ்தான்புல்லில் இருந்த அவருடைய பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும். இன்று அதன் முற்றத்தில் மரநிழலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், மாடியில் பட்டுச் சால்வை வாங்கலாம். பூர்சாவை 2014-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோ முக்கியமாகச் சொன்னதே இந்தக் குல்லியேக்களையும் ஹான்களையும் சுற்றி ஒரு தலைநகரம் வளர்ந்த விதத்தைத்தான்.

ஹமாமுக்குப் போகாமல் துருக்கிப் பயணம் நிறையாது. கிராண்ட் பஜாரிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் செம்பெர்லிதாஷ் ஹமாம், 1584-ல் சினான் கட்டியது. கட்டச் சொன்னவர் இரண்டாம் செலிமின் மனைவி நூர்பானு. போஸ்போரஸ் நீரிணைக்கு அக்கரையில், உஸ்குதாரின் குன்றின்மேல், அவர் ஏற்படுத்திய அதிக் வாலிதே குல்லியேவுக்கு வருமானம் வேண்டியிருந்தது. இக்கரையில் கூட்டம் புழங்கும் இடத்தில் ஒரு குளியல்கூடம் கட்டினால் தினமும் காசு வரும். அந்த ஹமாம் இன்றும் ஹமாமாகவே இயங்குகிறது.

உள்ளே நடப்பது இது. துணி மாற்றும் கூடத்தில் பெஷ்தெமால் என்ற கட்டம்போட்ட மெல்லிய துண்டைத் தருவார்கள், அதை இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும். மிதமான சூடுள்ள அறை ஒன்றைத் தாண்டி வெந்நீர்க் கூடம். நடுவே அகலமான பளிங்கு மேடை, அடியில் ஓடும் அனலால் எப்போதும் சூடாக இருக்கும். அதில் கால்மணி நேரம் சும்மா படுத்துக்கிடக்கவேண்டும். மேலே குவிமாடத்தில் வட்ட வட்டமாகக் கண்ணாடித் துளைகள், அவற்றின் வழியே வெயில் கோல்கோலாக நீராவிக்குள் இறங்கும். வியர்த்து ஊறிய பிறகு தேய்ப்பவர் வந்து கேசே என்ற சொரசொரப்பான கையுறையால் தேய்ப்பார். அழுக்கு திரிதிரியாக உருண்டு வருவதைப் பார்த்து வெட்கப்படவேண்டாம், அவர் அதைப் பெருமையாகக் காட்டவே செய்வார். பிறகு ஒரு துணிப்பையைச் சோப்புநீரில் முக்கி, காற்றில் வீசி, ஊதிப் பெருக்கிப் பிழிவார். முழங்காலளவு நுரைக்குள் நாம் மறைந்துபோவோம். ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் தேய்ப்பதே வழக்கம். முந்தைய காலத்தில் பெண்கள் வீட்டுக்கு வெளியே நாள் முழுக்கக் கூடியிருக்க ஹமாம் ஓர் இடமாக இருந்தது. பிள்ளைபெற்று நாற்பதாம் நாள் குளியலும் மணப்பெண் குளியலும் அங்கே நடந்தன. மகனுக்குப் பெண் பார்ப்பதும் அங்கேதான்.

நூர்பானுவின் பெயரைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். உஸ்மானியப் பெண்களைப் பற்றி வெளியுலகம் வைத்திருக்கும் படம் அந்தப்புரத் திரைகளுக்குள் முடிந்துவிடுகிறது. 1546-ல் இஸ்தான்புல் வக்புகளைக் கணக்கெடுத்த பதிவேட்டில், சுமார் 2,500 வக்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள் ஏற்படுத்தியவை. அவர்களில் பெரும்பாலோர் சுல்தான் வீட்டுப் பெண்களல்ல. ஒரு வீடு, ஒரு கடை, கொஞ்சம் ரொக்கம் என்று தம்மிடம் இருந்ததை எழுதிவைத்தவர்கள். இஸ்லாமியச் சட்டப்படி மணமான பெண்ணின் சொத்து அவளுடையதுதான் என்பதால் இது நடந்தது. பெரிய அளவில் செய்தவர்களில் முதன்மையானவர் சுலைமானின் மனைவி ஹுர்ரெம். இன்றைய உக்ரைன் பகுதியிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். இஸ்தான்புல்லில் அவர் பெயரால் எழுந்த ஹசெக்கி குல்லியேவின் மருத்துவமனை மரபு இன்றும் ஹசெக்கி என்ற பெயருள்ள அரசு மருத்துவமனையாகத் தொடர்கிறது. ஜெருசலேமில் அவர் தொடங்கிய அன்னசாலையும் இன்னும் சமைக்கிறது. ஹாகியா சோபியாவுக்கும் நீலப் பள்ளிவாசலுக்கும் நடுவே இருக்கும் நீண்ட ஹமாமும் அவருக்காக 1556-ல் சினான் கட்டியதுதான்.

எல்லாம் தூய தர்ம சிந்தனைதானா? இல்லை. உஸ்மானிய அரசில் பாஷாக்கள் என்ற உயர் அதிகாரிகள் எவ்வளவு உயர்ந்தாலும் சுல்தானின் அடிமைகள். ஒரு வசீர் பதவி இழந்தால், அல்லது தலை இழந்தால், அவர் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும். இந்தப் பறிமுதல் வழக்கம் 1839-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. வக்பாக எழுதிய சொத்தைத் தொடுவது கடினம். மகனையோ மகளையோ முத்தவல்லியாக நியமித்தால் குடும்பத்துக்கு ஒரு நிலையான சம்பளமும் மரியாதையும் கிடைக்கும். புண்ணியமும் பாதுகாப்பும் ஒரே பத்திரத்தில் இருந்தன. இன்னொரு பக்கம், ரொக்கத்தை வக்பாக்கி வட்டிக்கு விட்டு அதில் தர்மம் நடத்தும் வழக்கம் பரவியபோது 16-ஆம் நூற்றாண்டில் பெரிய சச்சரவே எழுந்தது. வட்டி ஹராம், இது செல்லாது என்றார் பிர்கிவி என்ற அறிஞர். இதை நிறுத்தினால் ஏராளமான பள்ளிகளும் தர்மங்களும் நின்றுபோகும், மக்களிடையே வேரூன்றிவிட்ட வழக்கம் என்று அனுமதித்தார் தலைமை முஃப்தி எபுஸ்ஸுவூத். நடைமுறையில் வென்றது எபுஸ்ஸுவூத்தான்.

இந்த முறையை உஸ்மானியர் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு முன் அனத்தோலியாவை, அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியை, ஆண்ட செல்ஜுக்கியர் வணிகப் பாதைகளில் கட்டிய கேரவன் சத்திரங்கள், கோன்யாவிலிருந்து கப்படோக்கியா போகும் வழியில் இன்றும் நிற்கின்றன. கப்படோக்கியாவுக்குப் பலூனில் பறக்கப் போகிறவர்கள் பலர். போகிற வழியில் அக்சராய் அருகே, 1229-ல் முதலாம் அலாவுத்தீன் கைகுபாத் கட்டிய சுல்தான்ஹானில் ஒரு மணிநேரமாவது இறங்குங்கள். கோட்டைபோன்ற சுவர், தேன்கூடுபோல் செதுக்கிய நுழைவாயில், வெயில் காலத்துக்குத் திறந்த முற்றம், குளிர் காலத்துக்கு உயரமான தூண்களோடு ஒரு கல் மண்டபம். ஒட்டகம் ஒரு நாளில் நடக்கும் தூரத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டருக்கு ஒரு சத்திரம். தங்குவது இலவசம், மூன்று நாள் வரை. கெய்செரியின் கிழக்கே இருக்கும் கராதாய் ஹானின் வக்புப் பத்திரம் கிடைத்திருக்கிறது. வருகிறவர் முஸ்லிமோ அல்லாதவரோ, ஆணோ பெண்ணோ, சுதந்திரமானவரோ அடிமையோ, எல்லோருக்கும் ரொட்டியும் இறைச்சியும் சமைத்த உணவும் ஒரே அளவில் கொடுக்கவேண்டும், வெள்ளிக்கிழமை தேன் அல்வா கொடுக்கவேண்டும் என்கிறது அது. 13-ஆம் நூற்றாண்டின் வார்த்தைகள்! துருக்கியில் நான் மதிக்கும் நினைவுச்சின்னங்களில் அந்தப் பத்திரத்துக்கு எந்தக் குவிமாடத்துக்கும் குறையாத இடம் உண்டு.

இன்னும் பின்னால் போகலாம். பண்டைய நகரமான எபேசஸின் செல்சஸ் நூலகம் எல்லாப் பயணப் படங்களிலும் வரும். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானிய ஆளுநர் செல்சஸின் நினைவாக மகன் அக்குயிலா எழுப்பியது. நூல்கள் வாங்குவதற்காக அக்குயிலா 25,000 தினாரி ஒதுக்கினார் என்று அங்கிருந்த கல்வெட்டு சொல்கிறது. தந்தையின் கல்லறை நூலகத்தின் அடியிலேயே இருக்கிறது. பைசாந்தியர் காலத்தில், இஸ்தான்புல்லின் பந்தோக்ரதோர் மடத்துக்காகப் பேரரசர் இரண்டாம் யோவான் 1136-ல் எழுதிய சாசனம், அதோடு சேர்ந்த மருத்துவமனையில் 50 படுக்கைகள் இருக்கவேண்டும் என்றும் வைத்தியர்கள் யார் யார் என்றும் வகுத்துச் சொல்கிறது. 1453-க்குப் பிறகு அந்த மடம் மதரஸாவாகி, பிறகு செய்ரெக் பள்ளிவாசல் ஆனது. கிறித்தவ அறக்கட்டளையும் முஸ்லிம் வக்பும் சட்டத்தில் வேறு வேறு. ஆனால் ஒரு கட்டடம் தன்னை நடத்திக்கொள்ளத் தேவையான வருமானத்தோடு பிறக்கவேண்டும் என்ற எண்ணம் அந்த மண்ணில் ஆட்சிகளைத் தாண்டி நின்றிருக்கிறது.

மருத்துவமனை என்றால் எதிர்னேதான். இஸ்தான்புல்லிலிருந்து பேருந்தில் இரண்டரை, மூன்று மணிநேரம். எல்லோரும் சினானின் செலிமியே பள்ளிவாசலுக்காகப் போவார்கள், போகவேண்டியதுதான். அதோடு ஊருக்கு வெளியே துன்ஜா ஆற்றங்கரையில் இரண்டாம் பயஜித் 1484 முதல் 1488 வரை கட்டிய குல்லியேவையும் பாருங்கள். அதன் மருத்துவமனையில் மனநோயாளிகளை நீரோசையாலும் இசையாலும் தேற்றினார்கள். நடுவில் நீரூற்று, மேலே குவிமாடம், சுற்றிலும் நோயாளிகளின் அறைகள், ஒரு பக்கம் இசைக்கலைஞர்களுக்கு மேடை. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயண எழுத்தாளர் எவ்லியா செலெபி, வாரம் மூன்று முறை பத்துப் பேர் வந்து பாடி வாசித்ததை எழுதியிருக்கிறார். இன்று அது ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ அருங்காட்சியகம். 2004-ல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருது பெற்றது.

பெரியவற்றை மட்டும் பார்த்து வந்துவிடக்கூடாது. தோப்காபி அரண்மனை வாசலுக்கு எதிரே 1728-ல் எழுந்த மூன்றாம் அகமதின் நீரூற்றுக் கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் வெண்கலக் கம்பி அடைப்புகள் இருக்கும். உள்ளே இருந்த ஆள் கம்பியின் அடிவழியே குவளையில் நீரை நீட்டுவார், விசேஷ நாட்களில் சர்பத். இப்படிப்பட்ட செபில்கள் நகரம் முழுக்க உண்டு. உஸ்குதாரில் சில இடங்களில் ஆளுயரக் கல்தூண்கள் தனியே நிற்பதைக் காணலாம். உச்சியில் ஒரு குழி. கொடுப்பவர் இருட்டிய பிறகு காசை அதில் வைப்பார், தேவைப்பட்டவர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்வார். யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்று தெரியாது. அதே உஸ்குதாரில் 1760-ல் கட்டிய அயாஸ்மா பள்ளிவாசலின் சுவரை அண்ணாந்து பாருங்கள். பூனைக்கு எட்டாத உயரத்தில், குருவிகளுக்காகக் கல்லில் செதுக்கிய சின்னஞ்சிறு மாளிகைகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். குட்டிக் குவிமாடம், குட்டிச் சன்னல்கள், விளிம்பில் குருவி உட்காரத் திண்ணை. ஒரு கல்தச்சர் அதற்கும் உளியை எடுத்து உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பழக்கத்தின் வேர் இன்றைய தெருவிலும் இருக்கிறது. ரொட்டிக்கடைகளில் இரண்டு ரொட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள், மற்றது இல்லாதவருக்கு. ஒருவர் வந்து அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தில் வேலை இழந்தவர்களின் குடிநீர், எரிவாயுக் கட்டணங்களை முகம் தெரியாதவர்கள் இணையத்தில் கட்ட இஸ்தான்புல் மாநகராட்சி ஏற்பாடு செய்தபோது, அதற்கு அந்த ரொட்டி வழக்கத்தின் பெயரையே ஒட்டி வைத்தது. ரமலான் மாதம் மளிகைக்கடைக்குப் போய், யாருடைய கடன் என்று கேட்காமல் கணக்குப் புத்தகத்தில் சில பக்கங்களுக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. முஹர்ரத்தில் கோதுமை, கொண்டைக்கடலை, உலர்ந்த அத்தி, ஆப்ரிகாட், மாதுளை எல்லாம் சேர்த்து அஷுரே காய்ச்சி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணம் கிண்ணமாக அனுப்புவார்கள். கடைக்காரர் நீட்டும் தேநீரையும் இதே கண்ணோடு பாருங்கள். விற்பனை உத்தி அதில் உண்டுதான், ஆனாலும் வாங்காமல் எழுந்தாலும் முகம் சுளிக்காத கடைகள் ஏராளம்.

முஸ்லிம் அல்லாதவர்களின் கதை இவ்வளவு இதமானதல்ல. கிரேக்க, ஆர்மீனிய, யூதச் சமூகங்களின் தேவாலயங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் துருக்கிச் சட்டத்தில் வக்புகளே. 1936-ல் எல்லா வக்புகளிடமும் சொத்துப் பட்டியல் கேட்டார்கள். 1974-ல் உச்ச நீதிமன்றம், அந்தப் பட்டியலுக்குப் பிறகு சிறுபான்மை வக்புகள் பெற்ற சொத்துகள் செல்லாது என்று தீர்த்தது. நிறையக் கட்டடங்கள் பறிபோயின. 2011-ல் வந்த ஆணை ஓரளவு திருப்பிக் கொடுக்க வழிசெய்தது. இளவரசர் தீவுகளில் பெரியதான புயுக்கடாவுக்குப் படகில் போகிறவர்கள், குன்றின்மேல் சிதிலமாக நிற்கும் பிரம்மாண்டமான மர மாளிகையைக் காண்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விடுதியாகக் கட்டி, பிறகு கிரேக்க அநாதை இல்லமானது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2010-ல் கிரேக்கத் திருச்சபைத் தலைமையிடம் திரும்பி வந்தது. அதற்குள் கூரை இடிந்துவிட்டது. வக்பு முறையின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கட்டடத்தின் முன்னாலும் நின்று பேசவேண்டும்.

குடியரசு வந்த பிறகு 1924-ல் வக்பு அமைச்சகத்தை ஒழித்துவிட்டு, பிரதமரின் கீழ் வக்புத் தலைமை இயக்ககம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு தர்வேஷ் என்ற சூஃபித் துறவிகளின் மடங்களை மூடினார்கள். கோன்யாவில் 1273 டிசம்பர் 17 அன்று மறைந்த சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமியின் சமாதி வளாகம் 1927-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது அதன் விளைவு. உள்ளே போனால் ஒரு பக்கம் சுற்றிப்பார்க்க வந்த பயணிகள், மறுபக்கம் இரு கைகளை ஏந்தி அழுதபடி துஆ கேட்கும் கிராமத்துப் பெண்கள். மடத்தின் சமையல்கட்டை விட்டுவிடாதீர்கள். ரூமியைப் பின்பற்றும் மெவ்லெவி என்ற சூஃபி வழியில் சேர வந்தவர்கள் 1,001 நாள் அங்கே பணி செய்தபிறகே தர்வேஷ் ஆனார்கள். சுழன்றாடும் ஸெமாவுக்கு முதற்பயிற்சியும் அடுக்களையில் மரப்பலகைமேல்தான். அங்காடி மேடைகளில் இரவுணவோடு காட்டும் சுழலாட்டத்தைவிட இந்த அடுக்களை எனக்கு அந்த வழியைப் பற்றி அதிகம் சொல்கிறது.

பழைய ஹான்களையும் ஹமாம்களையும் இன்று வக்புத் தலைமை இயக்ககம் தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிறது. எடுத்தவர் தன் செலவில் புதுப்பித்து, குறித்த ஆண்டுகள் நடத்திவிட்டுத் திருப்பித் தரவேண்டும். அதனால்தான் இத்தனை சத்திரங்கள் உயர்தர விடுதிகளாகியிருக்கின்றன. இடிந்துபோவதைவிட இது மேல். ஆனால் மூன்று நாள் இலவசமாகத் தங்கவைத்த சுவர்களுக்குள் அந்த ஊர்க்காரரே நுழைய யோசிக்கும் விலைப்பட்டியல் தொங்கும்போது, பத்திரத்தில் எழுதிய பயன்பாட்டை மாற்ற முடியாது என்ற சட்டவாதம் இங்கே ஏன் எழுவதில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. ஹாகியா சோபியாவுக்குப் பொருந்திய விதி சத்திரத்துக்கும் பொருந்தவேண்டும்.

இஸ்தான்புல்லில் இதையெல்லாம் ஒரே நாளில் தொடர்ந்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். காலையில் எமினோனுவில் மசாலாச் சந்தை, அதை ஒட்டி ருஸ்தம் பாஷா. சந்து வழியாக மேலேறிச் சுலைமானியே, அங்கே அவரைச் சாப்பாடு. பிறகு கிராண்ட் பஜாருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால் செம்பெர்லிதாஷ் ஹமாம். குளித்து முடித்துத் திரும்ப எமினோனு வந்து உஸ்குதார் படகைப் பிடிக்கலாம், இருபது நிமிடத்துக்கும் குறைவு. அங்கே கரையிலிருந்து மேட்டில் நடந்து, நூர்பானுவின் அதிக் வாலிதே. நீங்கள் குளித்த ஹமாமின் வருமானம் போய்ச்சேர வேண்டியிருந்த இடம் அது. பிற்காலத்தில் அதன் கட்டடங்கள் மனநோயாளர் காப்பகமாகவும் சிறையாகவும் புகையிலைக் கிடங்காகவும் இருந்திருக்கின்றன. இன்று பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய மரங்களின் கீழ் அமைதியாக உட்காரலாம். கூட்டம் இராது. ஞாயிறு மட்டும் இந்தச் சுற்றை வைத்துக்கொள்ள வேண்டாம், கிராண்ட் பஜார் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் நண்பகல் தொழுகை முடியும்வரை பள்ளிவாசல்களுக்குள் பயணிகளை விடமாட்டார்கள். பெண்கள் ஒரு சால்வை கையில் வைத்துக்கொள்ளவும், ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்க்கவும். செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டவேண்டியிருக்கும், நாடா இல்லாத செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.